மதில் ரோமானியருடையது, காவல் சாக்சனியருடையது

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பினாங்கின் பழைய பிரிட்டிஷ் கோட்டையான கோத்தா கார்ன்வாலிஸின் அகழியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். 1786இல் நீபோங் மரக்கழிகளை நட்டு எழுப்பிய அரண் பின்னர் கல்லும் செங்கல்லுமாக மாறியது. அதன் அகழி மலேரியாவுக்கு அஞ்சி 1920களில் தூர்க்கப்பட்டு, அண்மை ஆண்டுகளில் மீண்டும் தோண்டி எடுக்கப்பட்டது. இவ்வளவுதான் அந்தக் குறிப்பு. அதைப் படித்த வாசகர்கள் சிலர் இங்கிலாந்தின் பழைய நகர மதில்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் அனைத்தும் ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகள் வின்செஸ்டர் நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்தபோது அந்த ஊரின் பழைய மதிலைக் காட்டினாள். அது ரோமானியர் கட்டியது என்றார் ஒருவர். ஆல்ஃபிரட் மன்னரின் சாக்சனியக் கோட்டை நகரம் என்றார் மற்றொருவர். கண்ணுக்குத் தெரியும் கற்களில் பெரும்பகுதி இடைக்காலத்தவை என்றாள் மகள். ஒரே மதிலுக்கு எப்படி மூன்று வயது இருக்க முடியும்? பழைய மதிலைப் பூசி ஒட்டியதைத் தவிரச் சாக்சனியர் செய்ததுதான் என்ன? அதை மண்ணைத் தோண்டி எவ்வாறு கண்டறிகிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாயான் லெப்பாஸ்

பதில்: மூவர் சொன்னதும் சரிதான், அம்மா. மதில் ஓடும் கோடு ரோமானியருடையது. அதையே நகரத்தின் காவல் எல்லையாக மீண்டும் உயிர்ப்பித்தவர்கள், ரோமானியருக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறி ஆண்ட சாக்சனியர். இன்று நீங்கள் கையால் தொட்டுப் பார்க்கும் கல்லடுக்கில் பெரும்பகுதி அதற்குப் பின் வந்தவர்களின் வேலை. இந்த மூன்றில் நடுவிலுள்ளதே கண்டறியக் கடினமானது. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானதும் அதுவே என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரோமானிய ஆட்சி பிரிட்டனில் ஏறத்தாழ 410ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. ஆல்ஃபிரட் தென் இங்கிலாந்தின் சாக்சனிய நாடான வெசெக்ஸின் மன்னரானது 871இல். இடைப்பட்ட நானூற்றறுபது ஆண்டுகளில் ரோமானிய நகரங்களின் வீடுகள் சரிந்தன, தெருக்கள் மண்மூடின. ஆனால் பல அடி தடிப்புள்ள மதில்கள் அவ்வளவு எளிதில் விழவில்லை. ஊர் காலியாகி, ஊரைச் சுற்றிய வேலி மட்டும் நின்றது என்று சொல்லலாம். வின்செஸ்டருக்குள் 7ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயமும், அதைச் சார்ந்த சிறு குடியிருப்பும், பெரியோர் சிலரின் வளவுகளும் இருந்தன. அவற்றைக் கொண்டு அதை நகரம் என்று அழைக்க முடியாது.

காவலில்லாத மதில் யாருக்குப் பயன்படும் என்பதை, வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்து கொள்ளையிட்ட வைக்கிங்குகள் காட்டினார்கள். 866ஆம் ஆண்டு நவம்பரில் அவர்கள் யார்க் நகரைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அதை மீட்க வந்த வட இங்கிலாந்தின் நோர்த்தம்பிரியப் படை மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. அந்தக் காலத்தில் நகரின் மதில் உறுதியாக இருக்கவில்லை என்று ஆல்ஃபிரட்டின் வரலாற்றை எழுதிய ஆசர் குறிப்பிடுகிறார். உள்ளே நுழைந்தவர்கள் அங்கேயே வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். இரண்டு அரசர்கள் மாண்டார்கள். 893இல் மற்றொரு வைக்கிங் படை நாட்டின் குறுக்கே இரவு பகலாக ஓடி, ஆளரவமற்றுக் கிடந்த செஸ்டர் நகருக்குள் புகுந்துகொண்டது. துரத்தி வந்த ஆங்கிலேயப் படையால் இரண்டு நாள் வெளியே சுற்றி நிற்கவும், அக்கம்பக்கத்துக் கால்நடைகளைக் கவரவும், விளைந்த தானியத்தை எரிக்கவும் மட்டுமே முடிந்தது. ரோமானியர் கட்டிவைத்த கல் மதில் அந்த நாள்களில் படையெடுத்து வந்தவர்களைத்தான் காத்தது.

ஆகவே ஆல்ஃபிரட்டும் அவருடைய பிள்ளைகளும் செய்தது கொத்து வேலையோடு நிற்கவில்லை. 878இல் எடிங்டன் போரில் வைக்கிங்குகளை வென்ற பிறகு, நாடு முழுவதும் ஒன்றுக்கொன்று உதவும் தொலைவில் அரண் சூழ்ந்த ஊர்களை ஏற்படுத்தினார்கள். இவ்வூர்களைப் பழைய ஆங்கிலத்தில் ‘புர்ஹ்’ என்பார்கள். ரோமானிய மதில் கிடைத்த இடத்தில் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்: வின்செஸ்டர், எக்சிட்டர், சிச்செஸ்டர், பாத் முதலியவை அத்தகையவை. மதில் கிடைக்காத இடத்தில் வேரம், வாலிங்ஃபர்ட், கிரிக்லேட் ஆகிய ஊர்களில் செய்ததுபோல் மண்ணை வெட்டிக் குவித்துப் புதிய அரண் எழுப்பினார்கள். எங்கும் காவலுக்கு ஆள் குறிக்கப்பட்டது.

இனி, இதை எப்படித் தோண்டிக் கண்டறிகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். மதிலின் முகத்தைப் பார்த்து வயது சொல்ல முயன்றால் ஏமாந்துபோவோம். பழுது பார்த்த சாக்சனியக் கொத்தர், கீழே உதிர்ந்து கிடந்த அதே ரோமானியக் கல்லை எடுத்துத்தான் வைத்திருப்பார். பின்னால், 1066இல் இங்கிலாந்தை வென்று வந்த நார்மானியரும் அதையே செய்தார்கள். கல்லுக்குள் நாணயமோ பானை ஓடோ கிடைப்பது அரிது. அகழி அதைவிடவும் சிக்கலானது. தூர்ந்துபோன அகழியைத் திரும்பத் தூர்வாருகிறவர் அதில் படிந்திருந்த பழைய வண்டலை அள்ளி வெளியே கொட்டிவிடுவார். அடுத்த தலைமுறையும் அப்படியே செய்யும். கடைசியாகத் தூர்வாரியவரின் காலத்து வண்டல்தான் ஆய்வாளரின் கைக்கு எஞ்சுகிறது. நன்றாகப் பராமரித்த அகழியில் அதைப் பராமரித்தவர்களின் தடயமே குறைவாக இருக்கும் என்பது தொல்லியலில் எனக்கு எப்போதும் வலிக்கும் உண்மை.

இதனால் மதிலை விட்டு விலகி அதன் உட்புறத்தைத் தோண்டினார்கள். 1961 முதல் 1971 வரை தொல்லியலாளர் மார்ட்டின் பிடில் வின்செஸ்டரில் நடத்திய அகழாய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அந்நகரின் நேர்க்கோட்டுத் தெருக்கள் ரோமானியர் விட்டுச்சென்றவை என்றுதான் அதுவரை நம்பினார்கள். தோண்டியபோது ரோமானியத் தெருக்கள் வேறு கோடுகளில் ஓடின. இன்றைய தெருக்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் அவற்றின் மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போடப்பட்டிருந்தன. 1067இல் நார்மானியர் கோட்டை கட்டுவதற்காக மண் கொட்டி மூடிய இடத்தின் அடியில் ஒரு பழைய தெரு அப்படியே அகப்பட்டது. அதன் தளம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. 1067க்குள் அத்தனை முறை புதுப்பிக்க வேண்டியிருந்ததென்றால் அந்தத் தெரு முதலில் போடப்பட்டது வெகுகாலத்துக்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தெருத் திட்டத்தில் மிகவும் முக்கியமானது மதிலின் உட்புறத்தை ஒட்டியே ஊரைச் சுற்றி ஓடும் தெருதான். எதிரி எந்தப் பக்கம் ஏணி சாத்தினாலும் காவலர் சந்து பொந்துகளில் சிக்காமல் அந்த இடத்துக்கு ஓடிச்செல்ல அதுவே வழி. ரோமானியத் திட்டத்தில் காணப்படாத இந்தத் தெரு சாக்சனியர் கைவைத்ததற்கு மதிற்கல்லைவிட உறுதியான சான்று. மதில் மறைந்தாலும் அதை ஒட்டிய தெரு மறையாது என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையில் கோட்டை மதிலை 19ஆம் நூற்றாண்டில் இடித்து அகழியைத் தூர்த்த பிறகும் வெளிவீதிகள் அதன் வடிவத்தை இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கின்றன.

வின்செஸ்டரின் தெருக்கள் ஆல்ஃபிரட் காலத்தவையா, அவருக்குச் சற்று முன்பே தொடங்கியவையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அக்காலப் பொருள்களுக்கு கதிரியக்கக் கரிமக் கணிப்பு ஒரு குறிப்பிட்ட ஆண்டைத் தருவதில்லை. பல பத்தாண்டுகள் அகலமுள்ள ஒரு கால இடைவெளியையே தருகிறது. அந்த அகலத்துக்குள் ஆல்ஃபிரட்டும் அவர் தந்தையும் மகனும் எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

கேள்வி: எத்தனை ஆள்கள் சேர்ந்தால் எத்தனை அடி மதிலைக் காக்கலாம் என்று சாக்சனியர் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்களாமே? அந்தக் கணக்கு நிலத்தில் இருக்கும் மதிலோடு ஒத்துப்போகிறதா?
– ஆறாம் படிவ மாணவர், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, அந்தக் கணக்கேட்டுக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் ‘பர்கல் ஹைடேஜ்’. ஆல்ஃபிரட்டின் மகன் எட்வர்டின் ஆட்சியில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டதாகக் கருதுகிறார்கள். முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களின் பெயரும் ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை ‘ஹைடு’ நிலம் பொறுப்பு என்பதும் அதில் உள்ளன. ஒரு குடும்பம் பிழைப்பதற்குப் போதுமானதென்று கருதப்பட்ட நிலமே ஒரு ஹைடு. ஒவ்வொரு ஹைடும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். நான்கு ஆள்கள் ஒரு ‘போல்’ நீள மதிலைக் காப்பார்கள். ஒரு போல் என்பது பதினாறரை அடி, அதாவது 5 மீட்டருக்குச் சற்று அதிகம். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் முகப்பு ஏறத்தாழ அந்த அகலம்தான் இருக்கும்; ஒவ்வொரு கடைவீட்டு வாசலிலும் நான்கு பேரை நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வின்செஸ்டருக்குக் குறித்தது 2,400 ஹைடு. நான்கால் வகுத்தால் 600 போல். அடியில் சொன்னால் 9,900. அந்நகரின் ரோமானிய மதிலை அளந்தபோது ஏறத்தாழ 9,954 அடி வந்தது. வேறுபாடு 54 அடி, நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அந்த மதிலை முழுக்கச் சுற்றி நடந்து, கோலாலோ கயிறாலோ அளந்து, ஆளைக் கணக்கிட்டிருக்க வேண்டும். இந்த எண்களை முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் நினைவில் இருக்கிறது.

ஆனால் எல்லா ஊரிலும் இப்படிப் பொருந்துவதில்லை. எக்சிட்டருக்குக் குறித்தது 734 ஹைடு மட்டுமே. கணக்குப்படி 923 மீட்டர் மதிலுக்குத்தான் அது போதும். அங்குள்ள ரோமானிய மதிலோ 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. படியெடுத்தவர் எண்ணைப் பிழையாக எழுதினாரா, மதிலின் ஒரு பகுதியை மட்டும் காத்தார்களா, சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு ஆள் இல்லையா என்று பல விளக்கங்கள் உள்ளன. வின்செஸ்டரின் பொருத்தத்தை மட்டும் எடுத்துக்காட்டி எக்சிட்டரை மறைப்பது நேர்மையாகாது. பொருந்தாத எண்தான் அடுத்து எங்கே தோண்ட வேண்டும் என்று கேட்க வைக்கிறது.

பட்டியலில் உள்ள ஆள்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 27,000 பேர் வருகிறார்கள். அந்தக் காலத்து ஒரு நாட்டுக்கு இது மிகப் பெரிய சுமை. மக்கள் அதை மனமுவந்து ஏற்றார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மன்னர் ஆணையிட்ட அரண்களைக் கட்டாமல் காலம் கடத்தினார்கள், தொடங்கியவர்களும் முடிக்கவில்லை, பகைவர் வந்த பிறகு வருந்தினார்கள் என்று ஆசர் கசப்போடு எழுதுகிறார். 892இல் 250 கப்பல்களில் கென்ட் கரைக்கு வந்த வைக்கிங்குகள் ஒரு கோட்டையைத் தாக்கியபோது, அது பாதி கட்டிய நிலையில் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் குடியானவர்கள் சிலர் மட்டுமே. இந்தக் கடைசிச் செய்தி, அக்கால நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகப் பதிந்த ஆங்கிலோ சாக்சன் நாளாகமத்தில் ஒரே வரியில் கடந்துபோகிறது.

ஆளையும் மதிலையும் இணைக்கும் அந்தச் சூத்திரம் கணக்கேட்டின் ஒரே ஒரு படியில்தான் இருந்தது. அந்த ஓலை, மன்னிக்கவும், அந்தத் தோல் ஏடு 1731இல் லண்டனில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோனது. 1562இல் லாரன்ஸ் நோவெல் என்பவர் அதைப் பார்த்துக் கையால் எழுதி வைத்திருந்ததால் மட்டுமே அது நமக்குக் கிடைத்திருக்கிறது. செல்லுக்கும் நீருக்கும் சுவடிகளைப் பறிகொடுத்த நமக்கு அந்த ஒருவரின் உழைப்பின் மதிப்புத் தெரியும்.

கேள்வி: ‘புர்ஹ்’ என்ற சொல்லுக்கும் மலாய் ‘கோத்தா’வுக்கும் நம் ‘கோட்டை’க்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கோத்தாவும் கோட்டையும் உறவுடைய சொற்கள், புர்ஹ் முற்றிலும் வேறு மொழிக்குடும்பத்தின் சொல். ஆனால் பொருள் வளர்ந்த வழி ஒன்றுதான். அரணைக் குறித்த சொல் அரணுக்குள் வாழும் ஊரைக் குறிக்கத் தொடங்கியது. கோத்தா பாருவும் பட்டுக்கோட்டையும் அப்படிப் பெயர் பெற்றவை. இங்கிலாந்தில் ‘பரி’, ‘பரோ’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல புர்ஹ் என்பதிலிருந்து வந்தவை. வின்செஸ்டர், சிச்செஸ்டர் ஆகியவற்றின் ‘செஸ்டர்’ வேறு கதை: ரோமானியரின் படைமுகாமைக் குறிக்கும் லத்தீன் சொல்லைச் சாக்சனியர் தம் நாவுக்கு ஏற்ப மாற்றி, மதில் சூழ்ந்த ரோமானிய ஊர்கள் பலவற்றுக்கு வைத்த பெயர் அது.

கேள்வி: லண்டனில் இவ்வளவு பெரிய ரோமானிய மதில் இருக்க, சாக்சனியர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதற்கு வெளியே குடியிருந்தார்கள் என்று படித்தேன். பாதுகாப்பை விட்டுவிட்டு வெளியே போய் யாராவது வாழ்வார்களா?
– துறைமுக ஊழியர், பட்டர்வொர்த்

பதில்: துறைமுகத்தில் வேலை செய்கிற உங்களுக்கு இதன் விடை பாதி தெரிந்திருக்கும். வணிகர்களுக்கு வேண்டியது படகை இழுத்து ஏற்றச் சரிவான கரை. ரோமானிய லண்டனின் ஆற்றோரம் இடிந்த படித்துறைகளாலும் மதிலாலும் அடைபட்டுக் கிடந்தது. மதிலுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, இன்று ஸ்ட்ராண்ட் என்றும் கவன்ட் கார்டன் என்றும் வழங்கும் இடத்தில் நல்ல கரை இருந்தது. ஸ்ட்ராண்ட் என்ற சொல்லுக்கே கரை என்றுதான் பொருள். 7ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே ‘லுண்டன்விக்’ என்ற வணிக ஊர் வளர்ந்தது.

மதிலுக்குள் தோண்டியவர்களுக்கு 7, 8ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் மிக அரிதாகவே கிடைத்தன. ரோமானிய அடுக்குக்கும் பிற்காலச் சாக்சனிய அடுக்குக்கும் இடையே கருநிறத் தோட்டமண் போன்ற ஒரு படிவு மட்டும் தடிப்பாக இருந்தது. பல நாட்டு வணிகர் வந்துபோகும் சந்தை என்று துறவி பீடு லண்டனைப் புகழ்ந்து எழுதியிருந்ததோ 8ஆம் நூற்றாண்டில். அந்தச் சந்தை எங்கே போனது என்று நெடுநாள் குழம்பினார்கள். மார்ட்டின் பிடிலும் ஆலன் வின்சும் 1984இல் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தேடும் இடமே தவறு, ஊர் மதிலுக்கு வெளியே மேற்கில் இருந்தது என்றார்கள். அடுத்த ஆண்டே கவன்ட் கார்டன் பகுதியில் நடந்த அகழாய்வு அதை மெய்ப்பித்தது.

வைக்கிங்குகள் 842இலும் 851இலும் லண்டனைத் தாக்கினார்கள். 871-872 குளிர்காலத்தை அங்கேயே தங்கிக் கழித்தார்கள். திறந்த கரை வணிகருக்கு எவ்வளவு வசதியோ கொள்ளையருக்கும் அவ்வளவு வசதி. 886இல் ஆல்ஃபிரட் லண்டனை மீட்டு, மதிலுக்குள் மக்களைக் குடியேற்றி, நடு இங்கிலாந்தின் மெர்சியா நாட்டுத் தலைவர் எதெல்ரெட்டிடம் அதன் பொறுப்பைக் கொடுத்தார். வெளியே கைவிடப்பட்ட ஊர் ‘பழைய விக்’, அதாவது பழைய வணிக ஊர், ஆயிற்று. ஆல்ட்விச் என்று இன்றும் அந்தப் பெயர் ஒரு தெருவாக இருக்கிறது.

கேள்வி: வரும் ஆண்டு இறுதி விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் இங்கிலாந்து போகிறோம். இந்த அரண்களை எங்கே நேரில் பார்க்கலாம்?
– இல்லத்தரசி, ஜெலுத்தோங்

பதில்: லண்டன் டவர் ஹில் மதிலில் தொடங்குங்கள், அம்மா. சிவப்பு ஓட்டு வரிசைகள் இடையிடையே ஓடும் கீழ்ப்பகுதி ரோமானியருடையது. அதற்கு மேலே இருப்பது இடைக்காலம். சாக்சனியர் இரண்டுக்கும் நடுவில் காணாமல்போனதை அங்கேயே நின்று உணரலாம். பிறகு யார்க் செல்லுங்கள். ரோமானியப் படைக்கோட்டை மதிலின் உடைப்பை அடைத்துக் கட்டிய சிறிய கல் கோபுரம் ஒன்று 1839இல் வெளிப்பட்டு, 1970 வாக்கில் முழுமையாக ஆராயப்பட்டது. அதை ஆங்கிலியர் கோபுரம் என்கிறார்கள். கட்டிய காலம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதன் அருகே மண்மேட்டை வெட்டி, ரோமானியர் காலத்துத் தரைமட்டம் முதல் இடைக்காலத்துத் தரைமட்டம் வரை படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். மண்ணடுக்கு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நேரமிருந்தால் செஸ்டருக்கும் போகலாம். வைக்கிங்குகள் புகுந்துகொண்ட அந்த வெற்று நகரை ஆல்ஃபிரட்டின் மகள் எதெல்ஃப்ளெட் ஆண்ட மெர்சியா 907இல் மீண்டும் அரண் செய்தது. வடக்கிலும் கிழக்கிலும் ரோமானிய மதிலை வைத்துக்கொண்டு, அதன் முனைகளிலிருந்து டீ ஆறு வரை புதிய அரணை நீட்டியிருப்பார்கள் என்பது பலரின் கருத்து. சில்செஸ்டரும் அவசியம். அங்கே ரோமானிய மதில் ஊரைச் சுற்றி நன்றாகவே நிற்கிறது. ஆனால் படகு செல்லும் ஆறு அருகில் இல்லை. சாக்சனியர் அங்கே புர்ஹ் அமைக்கவில்லை. உள்ளே இன்று வயல்வெளிதான்.

கடைசியாக வேரம். அங்கே ரோமானிய மதில் இல்லை. மூன்று பக்கம் சாக்சனியர் குவித்த மண் அரண், தெற்கே ஃப்ரோம் ஆறு. அரணின் மேலேயே நடந்து ஊரைச் சுற்றி வரலாம். மேற்குப் பக்கம் வந்ததும் சரிவு மற்ற பக்கங்களைவிடச் செங்குத்தாக இருப்பதைக் கவனியுங்கள். அது சாக்சனியர் வேலை அன்று. ஜெர்மானியரின் கவச வண்டிகள் வந்தால் தடுக்க வேண்டும் என்று 1940இல் அந்த அரணைத் திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள்.